சீல் பிரிக்காத ‘புது’ ஹார்ட் டிஸ்க், ஏற்கெனவே 18,600 மணி நேரம் ஓடியிருந்தது

பழைய லேப்டாப்புக்கு டிஸ்க் மாற்றப் போகிறவர்கள் காசைக் கொடுக்கும் முன் படித்துவிடுங்கள்.

“புத்தம் புதுசு, எந்த லேப்டாப்பிலும் உட்காரும்” என்று விற்கப்பட்ட 500 ஜிபி ஸாட்டா டிஸ்க் (ஸாட்டா என்பது டிஸ்க்கை போர்டில் சேர்க்கும் இணைப்பு வகை). இரண்டுமே பொய். டிஸ்க்கின் தடிமன் 9.5 மி.மீ., லேப்டாப்பில் இருந்த இடமோ 7 மி.மீ. மூடி மூடவில்லை. யுஎஸ்பி கன்வெர்ட்டரில் மாட்டி, டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளில் பார்த்தால் பவர் ஆன் ஹவர்ஸ், அதாவது ஓடிய மணிக்கணக்கு, 18,600. இரண்டு வருடத்துக்கு மேல் ராப்பகலாக ஓடிய கணக்கு. ஆனால் ஆன் செய்த எண்ணிக்கை வெறும் 140. தினமும் அணைத்துப் போடும் லேப்டாப்பில் இந்தக் கணக்கு வராது. அணைக்காமலே ஓடும் ஏதோ ஒரு பெட்டியிலிருந்து கழற்றிய சரக்கு. திருப்பி எடுத்துக்கொள்ளச் சொன்னதற்குக் கடையில் வந்த பதில், “கவரைப் பிரிச்சிட்டீங்க, எடுக்க மாட்டோம்.” பிரிக்காமல் எப்படிச் சோதிப்பதாம்?

மணிக்கணக்கு பூஜ்யமாக இருந்தாலும் நம்பிவிடாதீர்கள். அதை அழித்துவிட்டு விற்கிறவர்கள் இருக்கிறார்கள். தங்க நிறத் தொடுமுனைகளில் கோடு விழுந்திருக்கிறதா, திருகு ஓட்டைகளில் பெயின்ட் தேய்ந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். லேபிளில் உள்ள சீரியல் நம்பரும் மென்பொருள் காட்டும் நம்பரும் ஒன்றாக இருக்க வேண்டும். அதே நம்பரைத் தயாரிப்பாளரின் வாரன்டி பக்கத்தில் போட்டால் மிச்சம் தெரிந்துவிடும்.

டிஸ்க் தன் நிலையைத் தானே குறித்துவைக்கும் கணக்குக்கு ஸ்மார்ட் என்று பெயர். மென்பொருள் காட்டும் அந்தப் பட்டியலில், கெட்டுப்போன இடங்களைச் சொல்லும் 05, சி5, சி6 வரிசைகள் மூன்றும் பூஜ்யமாக இருக்க வேண்டும். சி5 ஏறிக்கொண்டே போகிற டிஸ்க்கில் எதையும் வைக்காதீர்கள். தகவல் கடத்தும்போது வரும் பிழையை எண்ணும் சி7 ஏறினால் பெரும்பாலும் கேபிள் அல்லது கனெக்டர்தான் காரணம், டிஸ்க்கைத் திட்டிப் பயனில்லை. அந்த மென்பொருள் இவற்றின் மதிப்பைப் பொதுவாகப் பதினாறடிமானத்தில் (ஹெக்ஸ்) காட்டும். ‘10’ என்று இருந்தால் 16 என்று அர்த்தம்.

பொருத்தம் பார்க்க, பழைய டிஸ்க்கைக் கழற்றி அளப்பதே வழி. 9.5 மி.மீ. இடத்தில் 7 மி.மீ. டிஸ்க் தாராளமாக நிற்கும், 2.5 மி.மீ. சட்டம் ஒன்று வைத்தால் ஆடாது. மாறிப் போனால் நடக்காது. ஸாட்டா 3 டிஸ்க் ஸாட்டா 1, 2 போர்டிலும் பொதுவாக ஓடும், வேகம் மட்டும் போர்டின் அளவுக்கு இறங்கும். வரிசையாக 44 பின் நீட்டிக்கொண்டிருந்தால் அது ஐடிஇ என்ற பழைய இணைப்பு வகை. ஸாட்டா நேரடியாகச் சேராது. அந்தக் காலத்து பயாஸ்களில் (கம்ப்யூட்டரைக் கிளப்பும் அடிப்படை மென்பொருள்) சில 137 ஜிபிக்கு மேல் பார்க்காது, பெரிய டிஸ்க் வாங்கினாலும் வீண். எக்ஸ்டர்னல் டிஸ்க்கைப் பிரித்து மாட்டலாம் என்று யோசனை சொல்வார்கள். பலவற்றில் யுஎஸ்பி முனை டிஸ்க் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும், ஸாட்டா முனையே இருக்காது.

பெயர் தெரியாத எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத சிப் டிஸ்க்) மலிவாகக் கிடைத்தால் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சோதனை மென்பொருள் கொண்டு முழுக் கொள்ளளவையும் எழுதிப் படித்துப் பாருங்கள். கொள்ளளவு போலி என்றால் பிழை கொட்டும்.

பழைய டிஸ்க்கைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள். உங்கள் கோப்புகள் மட்டுமல்ல, அதன் முனையில் செருகியிருக்கும் சின்ன அடாப்டரும் இரும்புச் சட்டமும் அதோடு போய்விடும். பழைய மாடலுக்கு அவற்றைத் தனியாகத் தேடிப் பிடிப்பது டிஸ்க் வாங்குவதைவிடக் கஷ்டம்.