மான் பார்க்க ஏற்ற பைனாகுலர்: நிக்கான் ப்ரோஸ்டாஃப் பி3 8×42

மான் பார்ப்பதற்கென்று பைனாகுலர் தேடுகிறவர்கள் 8×42 வாங்குங்கள்; எட்டு மடங்கு பெரிதாக்கும், முன் லென்ஸ் 42 மில்லிமீட்டர் அகலம் என்று அர்த்தம். சட்டைப்பையில் அடங்கும் 10×25 வேண்டாம். மதுரை மாவட்டம் சாப்டூர் பக்கம் மலையடிவாரத்தில் எங்களுக்கு மாந்தோப்பு இருக்கிறது. மான்கள் மேய வருவது விடியலிலும் அந்தியிலும்தான். அந்த மங்கல் வெளிச்சத்தில் 25 மில்லிமீட்டர் லென்ஸில் தெரிவதெல்லாம் ஒரு பழுப்பு நிழல். 42-ஐ எட்டால் வகுத்தால் ஐந்து மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். அத்தனை அகல ஒளிவட்டம் கண்ணுக்கு வந்து சேருகிறது. 10×25-ல் இரண்டரைதான். பத்து மடங்கில் கை நடுக்கமும் சேர்ந்து பெரிதாகும்.

எங்கள் தாத்தா காலத்தில் இங்கே மான் வேட்டை சகஜம். ஒரு பிடி மண்ணைத் தூவி, காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்து, எதிர்க்காற்றில் போய் அசையாமல் உட்காரச் சொல்வார். 1972 வனவிலங்குச் சட்டம் வந்தபின் வேட்டை குற்றமாகிவிட்டது. ஆனால் அந்தப் பொறுமையும் நுணுக்கமும் வீணாகக் கூடாது என்பது என் ஆசை. மான்கறி கிடைக்குமா என்று இன்னமும் கேட்கிற பையன்கள் கையில் என் நிக்கான் ப்ரோஸ்டாஃப் பி3-ஐக் கொடுத்து உட்கார வைக்கிறேன்.

சுடுகிறவனுக்குக் குண்டு பாய்ந்ததோடு காட்சி முடிந்துவிடும். பைனாகுலரில் மானைக் கண்டபின்தான் ஆரம்பம். புள்ளிமான் கிடாவின் புதுக் கொம்பைப் போர்த்தியிருக்கும் பூனைமயிர்த் தோல்கூடத் தெளிவாகத் தெரிந்தது. ஒரு பெட்டைமான் எதையோ விடாமல் மென்றுகொண்டிருந்தது. குவியத்தைத் திருப்பிப் பார்த்தால், உதிர்ந்து கிடந்த பழைய கொம்பு! புல்லில் போதாத சுண்ணாம்புச் சத்தையும் பாஸ்பரஸையும் மான்கள் இப்படித் தேடிக்கொள்கின்றன. மரத்தில் சாம்பல் மந்திகள் தழையைத் தின்று பாதியைக் கீழே போட, மான்கூட்டம் அடியில் நின்று பொறுக்கித் தின்னும். மேலே மந்தி குரல் கொடுத்தால் கீழே அத்தனை தலையும் ஒரே நேரத்தில் நிமிரும். நான் இதைப் பார்த்து அசந்து உட்கார்ந்திருக்கிறேன்.

மிளா என்கிற கடமான் மட்டும் வேறு ரகம். நிழலோடு நிழலாக நிற்கும்; காது அசைந்தால்தான் அங்கே இருப்பதே தெரியும். 7.2 டிகிரி பார்வைப் பரப்பு (ஒரே நேரத்தில் கண்ணில் படும் அகலம்) இங்கேதான் கைகொடுக்கிறது: புதரைப் பகுதி பகுதியாகத் துழாவலாம்.

மூக்குக்கண்ணாடி போடுகிறவர்கள் கண் வைக்கும் பக்கத்து ரப்பர் விளிம்பைக் கீழே திருகி இறக்கிவிட்டுப் பாருங்கள், காட்சி முழுசாகக் கிடைக்கும். எடை 565 கிராம். வெகுநேரம் பிடித்திருக்க வேண்டுமென்றால் முழங்கையை முட்டியில் ஊன்றிக்கொள்வது நல்லது. உள்ளே நைட்ரஜன் அடைத்திருப்பதால் மார்கழிப் பனியிலும் லென்ஸின் உட்புறம் ஆவி படியவில்லை. முழு இருட்டில் இது உதவாது. சாதாரண பைனாகுலர் எதுவும் உதவாது. அதற்காக டார்ச் அடித்து மானை மிரட்டாதீர்கள்.

இன்னொன்று, இதை மாட்டிக்கொண்டு அனுமதியில்லாமல் காட்டுக்குள் இறங்க வேண்டாம். இந்த மலைக்காடு 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகத்தில் சேர்ந்திருக்கிறது. தோப்பு வரப்பில் இருந்தபடியே பார்க்க ஏராளம் உண்டு. சரி, கடைசியாக ஒன்று: துடைக்கும் முன் லென்ஸை ஊதிவிடுங்கள். எங்கள் ஊர்ப் புழுதியோடு வேட்டி முனையால் தேய்த்தால் பூச்சு போய்விடும்.