மிடாசொலாம் மூக்கு ஸ்பிரே: மருந்து கைகொடுக்கும், புட்டியைத்தான் பழகிக்கொள்ள வேண்டும்

பேரக்குழந்தைக்கு வலிப்பு வரும் என்று தெரிந்த வீடுகளில், அப்பா அம்மா வேலைக்குக் கிளம்பிய பிறகு குழந்தையோடு இருப்பது பெரும்பாலும் தாத்தாவோ பாட்டியோதான். நீளும் வலிப்பை நிறுத்த மூக்கில் அடிக்கச் சொல்லி டாக்டர் எழுதிக் கொடுத்த மிடாசொலாம் ஸ்பிரே அலமாரியில் இருக்கும். எப்போது அடிக்க வேண்டும் என்று மகனோ மருமகளோ ஒருமுறை சொல்லியிருப்பார்கள். ஆனால் புட்டியை யாரும் கையில் கொடுத்துப் பழக்கியிருக்க மாட்டார்கள். அந்த வீடுகளுக்காக எழுதிய மதிப்புரை இது. மருந்தோடு நிறுத்திக்கொள்ளாமல், அறுபத்தைந்து வயது விரல்களுக்கும் கண்ணாடி இல்லாமல் எழுத்து தெரியாத கண்களுக்கும் இந்தப் புட்டி எந்த அளவுக்கு ஒத்துவருகிறது என்றும் பார்க்கிறோம்.

முதலில் மருந்து. மிடாசொலாம், டயசிபாம் வகையறாவைச் சேர்ந்தது. மூக்கின் உட்சவ்வு வழியாக நேரே ரத்தத்தில் கலப்பதால் சில நிமிடங்களில் வேலையைத் தொடங்கிவிடும். ஊசி குத்த நரம்பு தேட வேண்டியதில்லை. இதற்கு முன் வீட்டுக்குக் கொடுத்தனுப்பியது ஆசனவாய் வழியாகச் செலுத்தும் டயசிபாம். கை கால் வெட்டிக்கொண்டிருக்கும் குழந்தையின் துணியைக் கழற்றித்தான் அதைக் கொடுக்க முடியும். அந்த நேரம் பார்த்து மலம் போய்விட்டால் மருந்தும் கூடவே போய்விடும். நாலு பேர் இருக்கும் இடத்தில், சற்று வளர்ந்த பிள்ளைக்கு அது பெரிய சங்கடம். அந்த வகையில் மூக்கு ஸ்பிரே எவ்வளவோ மேல். சிரப்பையோ மாத்திரையையோ வலிப்பின்போது வாயில் போடுவது பேச்சுக்கே இடமில்லை, மூச்சுக்குழாயில் இறங்கிவிடும்.

எல்லா வலிப்புக்கும் இது தேவைப்படாது. காய்ச்சல் வலிப்பு 6 மாதம் முதல் 5 வயது வரையுள்ள குழந்தைகளில் நூற்றுக்கு 2 முதல் 5 பேருக்கு வருகிறது. பெரும்பாலும் இரண்டு மூன்று நிமிடங்களில் தானே அடங்கிவிடும். 5 நிமிடத்தைத் தாண்டிய வலிப்பு தானாக நிற்கும் வாய்ப்பு குறைவு, நேரம் ஆக ஆக மருந்துக்கும் எளிதில் மசியாது. 5 நிமிடம் என்ற கணக்கு அதனால்தான். டாக்டர் சீட்டில் வேறு நேரம் எழுதியிருந்தால் அதுவே உங்கள் கணக்கு. வலிப்பு தொடங்கியதும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தை வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். பதற்றத்தில் ஒரு நிமிடம் பத்து நிமிடமாகத் தெரியும். மனக்கணக்கை நம்பி அடித்தால் தேவையில்லாத வலிப்புக்கும் மருந்து போய்ச் சேரும்.

இனி புட்டி. இந்தியக் கடைகளில் மிடாசிப், இன்செட் போன்ற பெயர்களில் கிடைப்பது, பம்ப் மூடி வைத்த சின்னப் புட்டி. ஒவ்வொரு அழுத்தத்துக்கும் அளந்த மருந்து வரும். இதில் கவனமாக இருக்க வேண்டிய முதல் குறை வீரியம். ஓர் அழுத்தத்துக்கு 0.5 மி.கி. தரும் புட்டியும் உண்டு, 1.25 மி.கி. தரும் புட்டியும் உண்டு. டாக்டர்கள் வழக்கமாகக் கணக்கிடுவது குழந்தையின் எடையில் கிலோவுக்கு 0.2 மி.கி. பத்து கிலோ குழந்தைக்கு 2 மி.கி. ஆகிறது. 0.5 புட்டியில் அது நாலு அழுத்தம், மூக்குத் துளைக்கு இரண்டு. பதினைந்து கிலோவுக்கு 3 மி.கி., அதாவது ஆறு அழுத்தம். சீட்டில் வெறுமனே ‘நாலு அழுத்தம்’ என்று இருந்து, கடையில் 1.25 புட்டி கொடுத்துவிட்டால், அதே நாலு அழுத்தம் 5 மி.கி. ஆகிவிடும். பத்து கிலோ குழந்தைக்கு அது இரண்டரை மடங்கு. எதிர்ப்பக்கத் தவறும் அதே அளவு கெட்டது: 1.25 புட்டிக்கு எழுதிய எண்ணிக்கையை 0.5 புட்டியில் அடித்தால் வலிப்பு நிற்காது, மருந்து சரியில்லை என்று நினைத்துக்கொள்வோம்.

சீட்டில் நாலு விஷயங்கள் இருக்கின்றனவா என்று டாக்டரின் அறையிலேயே பாருங்கள்: ஓர் அழுத்தத்துக்கு எத்தனை மி.கி., ஒரு துளைக்கு எத்தனை அழுத்தம், கணக்கிட்ட எடை, தேதி. வளரும் குழந்தைக்கு ஆறு மாதத்தில் கணக்கு மாறும். ஒன்பது கிலோவில் எழுதியதை பன்னிரண்டு கிலோவிலும் அடிப்பது வீடுகளில் சகஜமாக நடக்கும் தவறு. அரைகுறை மருந்தால் வலிப்பு நீளும். எடை கூடிய பிள்ளைக்கு 0.5 புட்டி தோதுப்படாது. இருபத்தைந்து கிலோவுக்கு 5 மி.கி. என்றால் பத்து அழுத்தம். அவ்வளவு திரவம் மூக்கில் தங்காமல் தொண்டைக்கு வழிந்துவிடும். 1.25 புட்டியில் அதே அளவு நாலு அழுத்தத்தில் முடியும். எப்போது மாற்றலாம் என்று டாக்டரிடம் கேளுங்கள், நீங்களாக மாற்றிக்கொள்ள வேண்டாம்.

இரண்டாவது குறை முதல் அழுத்தம். புதுப் புட்டியின் குழாயில் காற்றுதான் இருக்கும். முதல் அழுத்தத்தில் வெறும் சத்தம் வரும், அடுத்ததில் ஒரு சொட்டு எட்டிப் பார்க்கும், இன்னும் ஓரிரு அழுத்தத்துக்குப் பிறகுதான் பனி போலச் சீராகப் பொழியும். அந்த நிலைக்கு வந்த பிறகே எண்ணத் தொடங்க வேண்டும். எத்தனை முறை வெளியே அடித்துப் பார்க்க வேண்டும் என்பது பெட்டிக்குள் இருக்கும் தாளில் அச்சிட்டிருக்கும். அதைப் புட்டி வாங்கிய அன்றே செய்துவிடுங்கள். பல வாரம் தொடாமல் வைத்திருந்தால் குழாயில் மறுபடி காற்று ஏறியிருக்கலாம். வலிப்பு நேரத்திலும் ஒருமுறை வெளியே அடித்துப் பனி தெரிகிறதா என்று பார்த்துவிட்டு மூக்கில் வைப்பது நல்லது. ஒரு விநாடி வேலைதான்.

மூன்றாவது குறை சாய்மானம். பெட்டிக்குள் இருக்கும் தாள் இதைப் போதிய அளவு சொல்வதில்லை. புட்டிக்குள் ஒரு மெல்லிய குழாய் அடிவரை போகும். புட்டி நிமிர்ந்திருந்தால்தான் அந்தக் குழாயின் முனை திரவத்தில் முங்கியிருக்கும். ஆனால் குழந்தை படுத்திருக்கும்போது மூக்குத் துளை காலைப் பார்த்து இருப்பதால், நம் கை தானாகவே புட்டியைப் படுக்கை வசமாகப் பிடிக்கும். நிறைந்த புட்டி அப்படியும் சமாளிக்கும். பாதிக்குக் கீழே இறங்கிய புட்டி காற்றைத்தான் இழுக்கும். சத்தம் வரும், மருந்து வராது. தரையில் உட்கார்ந்து குழந்தையின் தலையையும் தோளையும் தொடைமேல் சற்று உயர்த்தி வைத்துக்கொண்டால், புட்டியின் அடிப்பக்கம் கீழே இருக்கும்படி சாய்த்துப் பிடிக்கலாம். பாதி தீர்ந்த புட்டியை இந்த வேலைக்கு நம்ப வேண்டாம், புதிது வாங்கிவிடுங்கள்.

அழுத்தும் முறையில் கட்டைவிரல் புட்டியின் அடியில், ஆள்காட்டி விரலும் நடுவிரலும் முனையின் இருபுறத் தோளில். முனை மூக்குத் துளைக்குள் சிறிதளவு நுழைந்தால் போதும். முனையை நடுத்தண்டுப் பக்கம் திருப்பாமல், அதே பக்கத்துக் கண்ணின் வெளி ஓரத்தைப் பார்க்க வையுங்கள். அழுத்தம் ஒரே மூச்சில், முழுசாக இறங்க வேண்டும். மெதுவாக அழுத்தினால் பனியாக வராமல் நீராக ஒழுகும். அது சவ்வில் ஒட்டாமல் தொண்டைக்குப் போய் வீணாகும். மூட்டுவாதத்தால் விரல் மடங்காத பாட்டிமார்களுக்கு இங்கேதான் சிக்கல். ஒரு கை போதாவிட்டால் இரண்டு கட்டைவிரலையும் அடியில் கொடுத்து அழுத்தலாம். அப்போது தலையைப் பிடிக்க வேறொருவர் வேண்டும். பழக மருந்துப் புட்டியை வீணாக்க வேண்டாம். இதே மாதிரி பம்ப் வைத்த உப்புநீர் ஸ்பிரே ஒன்றை வாங்கி, ஒரு பொம்மையின் மூக்கில் பத்து நாள் அடித்துப் பாருங்கள். துளை மாற்றி மாற்றி, எண்ணிக்கையை வாய்விட்டுச் சொல்லி அடிக்கப் பழகினால் வேளை வரும்போது விரல் தானாக ஓடும்.

குழந்தைக்குச் சளி கட்டியிருந்தால் மருந்து சளிமேல் உட்கார்ந்துவிடும். காய்ச்சலில் வரும் வலிப்பில் இது அடிக்கடி நேர்வது. நேரம் எண்ணிக்கொண்டிருக்கும் அந்த 5 நிமிடத்துக்குள் மெல்லிய துணியால் மூக்கைத் துடைத்துவிடலாம். அடித்ததும் குழந்தை முகத்தைச் சுளிப்பதும் கண்ணில் நீர் வருவதும் இயல்பு; கரைசல் அமிலத் தன்மை உள்ளது, எரியும். முடிந்ததும் ஒருக்களித்துப் படுக்க வைத்து வாயோர எச்சிலை வழிய விடுங்கள். கையில் சாவிக்கொத்து, மூக்கில் செருப்பு, பல்லுக்கு நடுவே கரண்டி, இதெல்லாம் அன்பினால் செய்வதுதான். ஆனால் கரண்டி பல்லை உடைக்கும், சாவி குழந்தையின் கையைக் கிழிக்கும், இரண்டுமே வலிப்பை நிறுத்தாது.

ஸ்பிரே அடிக்கும் நேரத்திலேயே 108-ஐயும் கூப்பிட வேண்டும். அடித்துப் பார்த்துவிட்டுக் கூப்பிடலாம் என்று காத்திருக்க வேண்டாம். வலிப்பு நின்ற பின் குழந்தை ஒரு மணி நேரமோ அதற்கு மேலுமோ அசந்து தூங்கலாம். தூக்கத்தைப் பார்த்து பயப்பட வேண்டாம், மூச்சைக் கவனியுங்கள். மருந்தின் முக்கியமான ஆபத்து மூச்சு மந்தமாவதுதான். சட்டையைத் திறந்து நெஞ்சு ஏறி இறங்குவதைப் பாருங்கள். மூச்சு விட்டு விட்டு வந்தாலோ, உதடு நீலமாகவே இருந்தாலோ முகவாயை லேசாகத் தூக்கிவிட்டு 108-இல் பேசுபவரிடம் உடனே சொல்லுங்கள், அவர் சொல்வதைச் செய்யுங்கள். நன்றாக விழித்துப் பேசும்வரை தண்ணீரோ பாலோ கூடாது. சில குழந்தைகள் தூங்காமல் அடம்பிடித்து அழுவதும் உண்டு. அதுவும் இந்த மருந்தின் வேலைதான். வலிப்பு நிற்கவில்லை என்றால் இரண்டாவது முறை அடிப்பது, சீட்டில் அப்படி எழுதியிருந்தால் மட்டும். மருந்து உள்ளே போனதா இல்லையா என்ற சந்தேகத்தில் கூடுதலாக அடிக்காதீர்கள்.

வாங்குவதும் அவ்வளவு சுலபமில்லை. மிடாசொலாம் அட்டவணை எச்1 மருந்து. சீட்டு இல்லாமல் தரக்கூடாது, கடைக்காரர் உங்கள் விவரத்தைப் பதிவேட்டில் எழுதியாக வேண்டும். அவர் கேள்வி கேட்டால் கோபப்பட வேண்டாம், அது சட்டம். தெருமுனைக் கடையில் பெரும்பாலும் இருக்காது. குழந்தைகள் மருத்துவமனையை ஒட்டிய கடைகளில் கேளுங்கள். காலாவதி தேதியையும் வீரியத்தையும் கல்லாவிலேயே சரிபாருங்கள். அப்பா அம்மா வீட்டுக்கு ஒன்று, தாத்தா பாட்டி வீட்டுக்கு ஒன்று, ஒரே வீரியத்தில் இரண்டு வாங்குவது நல்லது.

வெளிநாட்டுப் பொருள்களோடு ஒப்பிட்டால் நம் புட்டியின் பலவீனம் புரியும். ஐரோப்பாவில் கிடைக்கும் புக்கோலாம், கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே விடும் மிடாசொலாம். வயதுக்கேற்ற அளவு நிரப்பிய சிரிஞ்சாகவே வரும். ஒரு வயது முதல் ஐந்து வயதுக்குள் என்றால் 5 மி.கி., நீல நிறம். அமெரிக்காவில் 2019-இல் ஒப்புதல் பெற்ற நேசிலாம், ஒரே அழுத்தத்தில் 5 மி.கி. தரும் மூக்குக் கருவி. வெளியே அடித்துப் பார்க்கும் வேலையே கிடையாது. ஆனால் ஒப்புதல் 12 வயதுக்கு மேல்தான். எண்ணிக்கையும் சாய்மானமும் தலைவலி தராத இப்படியொரு ஒரு வேளைக் கருவி, சின்னக் குழந்தைகளின் அளவில், நம் ஊருக்கு மிக அவசியம். பதறிய கை ஆறு வரை எண்ண வேண்டியிருக்கும் புட்டியை நல்ல வடிவமைப்பு என்று சொல்ல மனம் வரவில்லை.

அதுவரை கையில் இருப்பதைத் தயார்ப்படுத்தி வைத்துக்கொள்ளலாம். புட்டியைச் சுற்றி வெள்ளைப் பிளாஸ்திரி ஒட்டி, சீட்டில் உள்ள எண்ணிக்கையை மார்க்கர் பேனாவால் பெரிதாக ‘வலம் 2, இடம் 2’ என்பது போல எழுதுங்கள். வீரியம் அச்சிட்ட இடத்தை மட்டும் மறைக்க வேண்டாம். பூட்டிய பீரோ வேண்டாம், ஃப்ரீசரும் வேண்டாம். மற்ற பிள்ளைகளுக்கு எட்டாத, வெயில் படாத, தினமும் கண்ணில் படும் ஒரே இடம் போதும். மே மாதத்தில் காருக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள், அந்தச் சூட்டில் மருந்து கெடும். ஒருமுறை பயன்படுத்தியதும் வலிப்பு தொடங்கிய நேரம், அடித்த நேரம், அழுத்தங்களின் எண்ணிக்கை மூன்றையும் பெட்டிமேல் எழுதி, ஆஸ்பத்திரிக்குப் போகும்போது புட்டியோடு எடுத்துப் போங்கள். அங்கே அடுத்த மருந்தின் அளவை அதை வைத்துத்தான் முடிவுசெய்வார்கள்.