ஹைப்ரிட் கார்களில் எது யாருக்கு? மைலேஜும் பராமரிப்பும்: ஓர் ஒப்பீடு

"ஹைப்ரிட் வாங்கினால் மைலேஜ் எவ்வளவு கிடைக்கும்?" என்று கேட்பவர்களிடம் நான் முதலில் விசாரிப்பது அவர்கள் தினமும் போய்வரும் வழியைத்தான். நகர நெரிசலா, நெடுஞ்சாலையா, மலைப்பாதையா? ஒரு தடவை வண்டியை எடுத்தால் எத்தனை கிலோமீட்டர் ஓடும்? வண்டி நிறுத்தும் இடத்தில் பிளக் பாயின்ட் உண்டா? சாதாரண பெட்ரோல் காரில் இவையெல்லாம் மைலேஜைக் கொஞ்சம் கூட்டும், கொஞ்சம் குறைக்கும். ஹைப்ரிட்டில் மைலேஜைத் தீர்மானிப்பதே இவைதான். எது முதலிடம், எது கடைசி இடம் என்ற வரிசைகூட சாலை மாறினால் தலைகீழாகிவிடும்.

இன்ஜினோடு மின் மோட்டாரையும் பேட்டரியையும் சேர்த்த கார்தான் ஹைப்ரிட். விற்பனையில் இருப்பவை மூன்று வகை: மைல்ட் ஹைப்ரிட், ஸ்ட்ராங் ஹைப்ரிட், வெளியிலிருந்து சார்ஜ் போடும் பிளக்-இன் ஹைப்ரிட். நெடுந்தூரம் ஓட்டுபவர்கள் டீசலையும் சேர்த்தே யோசிக்கிறார்கள் என்பதால் அதையும் இந்த ஒப்பீட்டில் சேர்த்திருக்கிறேன்.

மைல்ட் ஹைப்ரிட்டைச் சீக்கிரம் முடித்துவிடலாம். இன்ஜின் ஓடும்போது மின்சாரம் தயாரிக்கும் வழக்கமான ஆல்டர்னேட்டர் இருக்கும் இடத்தில், பெல்ட்டில் ஓடும் கொஞ்சம் பெரிய மோட்டார் ஒன்றை வைக்கிறார்கள். 12 வோல்ட் அல்லது 48 வோல்ட்டில் இயங்கும் இது, சிக்னலில் அணைந்த இன்ஜினை அதிர்வில்லாமல் மறுபடி கிளப்பும். வேகமெடுக்கும்போது கொஞ்சம் கைகொடுக்கும். பிரேக் பிடிக்கும்போது சிறிதளவு மின்சாரம் சேமிக்கும். பெரும்பாலான மைல்ட் ஹைப்ரிட்களில் இந்த மோட்டாரால் தனியாகக் காரை நகர்த்த முடியாது. அதனால் மிச்சமாகும் பெட்ரோலும் குறைவுதான். பராமரிப்பு சாதாரண கார் போலவே இருப்பது இதன் நல்ல பக்கம். விலை வித்தியாசம் சிறிதாக இருந்தால் வாங்கலாம். ஹைப்ரிட் என்ற பெயருக்காகக் கூடுதலாகக் கொடுக்கத் தேவையில்லை.

ஸ்ட்ராங் ஹைப்ரிட்: நெரிசலில் ராஜா

சிவப்பு விளக்கு தூரத்தில் தெரிகிறது, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்கிறீர்கள். இன்ஜின் அப்போதே அணைந்துவிடுகிறது. உருளும் சக்கரங்கள் மோட்டாரைச் சுழற்ற, அது ஜெனரேட்டராக மாறி பேட்டரிக்கு மின்சாரம் அனுப்புகிறது. பிரேக்கை மெதுவாக மிதித்தால் இதே வேலை இன்னும் அழுத்தமாக நடக்கும். பிரேக் பேட் டிஸ்க்கைத் தொடுவது பெரும்பாலும் கடைசி சில அடிகளில்தான். வண்டி நின்ற பிறகும் ஏசி ஓடுகிறது, ஏனென்றால் அதன் கம்ப்ரெஸர் மின்சாரத்தில் இயங்குவது. பச்சை விழுந்ததும் மோட்டார் மட்டும் காரை இழுக்கிறது, வேகம் கூடியபின்தான் இன்ஜின் சேர்கிறது. பெட்ரோல் காரில் பிரேக் பேடில் சூடாக மாறி வீணாகும் ஆற்றலைத்தான் இது அடுத்த சிக்னலுக்குச் செலவழிக்கிறது. நகரத்தில் இதன் மைலேஜ் நெடுஞ்சாலையை விட அதிகமாக இருப்பதற்குக் காரணம் இதுவே. சாதாரண காரில் கணக்கு நேர் எதிர்.

இந்த வகைக்குள்ளேயே மூன்று வழிகள் உண்டு. டொயோட்டா 1997 டிசம்பரில் ஜப்பானில் பிரியஸை வெளியிட்டபோது கொண்டுவந்த கோள் கியர் முறை இன்றும் தொடர்கிறது. ஒரே கியர் தொகுதியில் நடுப் பல்சக்கரத்தோடு சிறிய மோட்டார், சுற்றிவரும் பல்சக்கரங்களைத் தாங்கும் சட்டத்தோடு இன்ஜின், வெளி வளையத்தோடு பெரிய மோட்டார் இணைந்திருக்கும். கிளட்ச் இல்லை, தனி ஸ்டார்ட்டர் மோட்டார் இல்லை, ஆல்டர்னேட்டர் இல்லை, மற்ற சி.வி.டி.களில் (படிப்படியாக இல்லாமல் சீராக மாறும் கியர்பாக்ஸ்களில்) தேயும் பெல்ட்டும் இல்லை. ஹைப்ரிட் என்றால் சிக்கலானது, பழுதானால் தொல்லை என்று பயப்படுபவர்கள் இந்த "இல்லை"களை ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஹோண்டாவின் இரு மோட்டார் முறையில், மிதமான வேகம் வரை இன்ஜின் ஜெனரேட்டரை மட்டும் ஓட்டுகிறது, சக்கரத்தைச் சுழற்றுவது மோட்டார். நெடுஞ்சாலையில் சீரான வேகம் வந்ததும் ஒரு கிளட்ச் பூட்டிக்கொண்டு இன்ஜினை நேராகச் சக்கரத்தோடு இணைக்கிறது. நிசான் 2016-ல் நோட் காரில் தந்த இ-பவர் முறையில் இந்த நேரடி இணைப்பே கிடையாது. எந்த வேகத்திலும் இன்ஜின் மின்சாரம் மட்டும்தான் தயாரிக்கும். நகரத்தில் இதன் ஓட்டம் மின்சாரக் கார் போலவே வழுவழுவென்று இருக்கும். ஆனால் நெடுஞ்சாலையில் பெட்ரோல் மின்சாரமாகி, மின்சாரம் மறுபடி சுழற்சியாகும்போது ஒவ்வொரு மாற்றத்திலும் கொஞ்சம் இழப்பு. பாதிக்கு மேல் நெடுஞ்சாலையில் ஓட்டுபவர் இந்த மூன்றில் முதல் இரண்டைத்தான் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

இனி விளம்பர மைலேஜுக்கும் கையில் கிடைப்பதற்கும் உள்ள இடைவெளி. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, 2008 மாடல் ஆண்டிலிருந்து தன் மைலேஜ் கணக்கிடும் முறையை மாற்றியது. அதிக வேகம், ஏசி, குளிர்காலம் ஆகியவற்றையும் கணக்கில் சேர்த்தது. இரண்டாம் தலைமுறை பிரியஸுக்கு அதுவரை நகரத்தில் காலனுக்கு 60 மைல், நெடுஞ்சாலையில் 51 மைல் என்று சான்று இருந்தது. புதிய கணக்கில் அதே காருக்கு 48, 45 என்று ஆனது. நம் கணக்கில் சொன்னால், நகர மைலேஜ் லிட்டருக்கு 25.5 கிலோமீட்டரிலிருந்து 20.4-க்கு இறங்கியது, நெடுஞ்சாலை 21.7-லிருந்து 19.1-க்கு. நகர எண் 20 சதவீதம் விழ, நெடுஞ்சாலை எண் 12 சதவீதம்தான் விழுந்தது. ஹைப்ரிட் எங்கே பலமோ அங்கேதான் நம் ஓட்டும் பழக்கமும் வெயிலும் குளிரும் அதிகம் கடிக்கின்றன என்பதை இந்த எண்கள் பச்சையாகக் காட்டுகின்றன. அப்படியும் நகர எண்ணே மேலே நின்றது என்பதையும் கவனியுங்கள்.

குறிப்பாகக் கடிப்பது குறுகிய பயணம். வண்டியை எடுத்து இரண்டு மூன்று கிலோமீட்டரில் நிறுத்திவிட்டால், அதற்குள் இன்ஜினும், புகையைச் சுத்தப்படுத்தும் வினையூக்கி மாற்றியும் (கேட்டலிடிக் கன்வெர்ட்டர்) சூடாவதற்கே பெட்ரோல் எரிந்துவிடும். மோட்டார் தன் திறமையைக் காட்டும் முன்பே பயணம் முடிந்துபோகும். குளிர்ப் பிரதேசத்தில் ஹீட்டர் போட்டால், வெப்பத்துக்காகவே இன்ஜின் அணையாமல் ஓடும். கடும் வெயிலில் நெரிசலில் நின்றால், ஏசி பேட்டரியைக் காலி செய்ய, நின்ற இடத்திலேயே அவ்வப்போது இன்ஜின் கிளம்பும். இவை எதுவும் பழுதல்ல. மலையிறக்கத்திலும் எதிர்பார்ப்பை அளவாக வைத்துக்கொள்ளுங்கள். பழைய பிரியஸின் பேட்டரி கொள்ளளவு சுமார் 1.3 கிலோவாட் மணிதான். நீண்ட இறக்கத்தில் சில நிமிடங்களில் அது நிறைந்துவிடும். அதன்பின் வரும் ஆற்றலைச் சேமிக்க இடமில்லை.

நெடுஞ்சாலையும் டீசலும்

நூறு கிலோமீட்டர் வேகத்தில் சீராகப் போகும் காரில் பிரேக்குக்கு வேலையில்லை. பிரேக் இல்லையென்றால் மீட்டெடுக்க ஆற்றலும் இல்லை. அங்கே ஹைப்ரிட்டுக்குக் கைகொடுப்பது அதன் அட்கின்சன் சுழற்சி இன்ஜின்தான். உள்ளிழுக்கும் வால்வைத் தாமதமாக மூடி, எரிந்த வாயு விரிய அதிக இடம் கொடுக்கும் முறை இது. இழுவிசை குறையும், சிக்கனம் கூடும். குறைந்த இழுவிசையை மோட்டார் ஈடுகட்டும். நான்காம் தலைமுறை பிரியஸ் இன்ஜினின் உச்ச வெப்பத் திறன் 40 சதவீதம் என்று டொயோட்டா அறிவித்தது. பெட்ரோல் இன்ஜினுக்கு இது மிக உயர்ந்த அளவு. ஆனாலும் இந்தச் சாலையில் நல்ல டீசல் கார் ஹைப்ரிட்டுக்கு ஈடுகொடுத்து நிற்கும். முழுச் சுமையோடு, ஏற்றங்களில், டிரெய்லர் இழுத்துக்கொண்டு போகிறவருக்கு இன்றும் டீசல்தான் நிம்மதி.

அதே டீசலை நகரத்தில் குறுகிய பயணங்களுக்கு வைத்துக்கொள்வது தவறான முடிவு. புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி தன்னைத்தானே சூடாக்கி எரித்துச் சுத்தம் செய்துகொள்ள நீண்ட ஓட்டம் வேண்டும். அது கிடைக்காவிட்டால் அடைத்துக்கொள்ளும். அப்போது வரும் செலவு, பல மாதம் மிச்சம் பிடித்த எரிபொருளை விழுங்கிவிடும்.

பிளக்-இன்: ஒழுங்கு கேட்கும் கார்

தினமும் தவறாமல் சார்ஜ் போட்டு, அன்றாட ஓட்டத்தை மின்சாரத்திலேயே முடிப்பவருக்கு பிளக்-இன்னை மிஞ்ச வேறு ஹைப்ரிட் இல்லை. வாரக்கணக்கில் இன்ஜின் பெரிய வேலையில்லாமல் இருக்கும். சார்ஜ் போடாதவருக்கோ, கனமான பேட்டரியைச் சும்மா சுமந்து திரியும் பெட்ரோல் கார் அது.

இது ஊகம் அல்ல. ஐரோப்பிய ஆணையம் 2021-ல் பதிவான கார்களுக்குள் இருக்கும் எரிபொருள் அளவிகளிலிருந்தே தரவு சேகரித்து 2024-ல் அறிக்கை தந்தது. பெட்ரோல், டீசல் கார்கள் சான்றளிக்கப்பட்டதைவிடச் சுமார் 20 சதவீதம் அதிகம் எரித்தன. பிளக்-இன் கார்களின் உண்மையான கார்பன் டை ஆக்சைடு வெளியீடோ சான்றிதழில் இருந்ததைப்போல் சராசரியாக 3.5 மடங்கு. ஐ.சி.சி.டி. என்ற ஆய்வு நிறுவனம் 2022-ல் ஐரோப்பியத் தரவுகளை வைத்துக் காரணத்தையும் காட்டியது. சொந்தக் கார்களில் 100 கிலோமீட்டருக்கு 4 முதல் 4.4 லிட்டர் செலவானது, நிறுவனம் தந்த கார்களில் 7.6 முதல் 8.4 லிட்டர். சான்றிதழில் இருந்ததோ 1.6 முதல் 1.7 லிட்டர்தான். பெட்ரோல் பில்லை நிறுவனம் கட்டும்போது கேபிளை எடுத்துச் செருகும் அக்கறை குறைந்துவிடுகிறது என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன். பிளக்-இன் வாங்க நினைப்பவர் தன்னிடமே நேர்மையாகக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது: மழையிலும் அசதியிலும் கேபிள் செருகுவேனா? இதற்குத் தயங்கினால் ஸ்ட்ராங் ஹைப்ரிட்டுக்கே போய்விடுங்கள். அது உங்களிடம் எந்த ஒழுங்கையும் கேட்பதில்லை.

எதிர்ப்பக்கத்திலும் ஒரு சிக்கல் உண்டு. எப்போதும் மின்சாரத்திலேயே ஓட்டினால் டேங்கில் பெட்ரோல் பழசாகிவிடும். ஷெவர்லே வோல்ட்டில் இதற்காகவே ஏற்பாடு செய்திருந்தார்கள்: பெட்ரோல் ஏறக்குறைய ஓராண்டு பழசானால், பேட்டரி நிறைந்திருந்தாலும் இன்ஜினை ஓடவைத்து அதைத் தீர்க்கும்.

லிட்டரில் கணக்குப் போடுங்கள்

மைலேஜ் எண்ணை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். லிட்டருக்கு 10-லிருந்து 15 கிலோமீட்டருக்கு மாறுபவர் 1,000 கிலோமீட்டரில் 33 லிட்டர் மிச்சம் பிடிக்கிறார். 20-லிருந்து 30-க்கு மாறுபவருக்கு மிச்சம் 17 லிட்டர்தான். ஆகவே ஏற்கெனவே நல்ல மைலேஜ் தரும் சிறிய கார் வைத்திருப்பவருக்கு ஹைப்ரிட்டால் வரும் லாபம் குறைவு. பெட்ரோல் குடிக்கும் பெரிய குடும்பக் கார் வைத்திருப்பவருக்கு அதிகம்.

உதாரணத்துக்கு, லிட்டருக்கு 14 தரும் பெட்ரோல் காரையும் 22 தரும் ஸ்ட்ராங் ஹைப்ரிட்டையும் எடுத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 10,000 கிலோமீட்டர் ஓட்டினால் மிச்சம் 260 லிட்டர், 25,000 ஓட்டினால் 650 லிட்டர். இரண்டு கார்களின் விலை வித்தியாசத்தை இந்த லிட்டர்களின் விலையால் வகுத்தால் எத்தனை ஆண்டில் போட்ட காசு திரும்பும் என்பது தெரிந்துவிடும். குறைவாக ஓட்டுபவருக்குப் பல சமயம் அது காரை வைத்திருக்கும் காலத்தைத் தாண்டிப்போகும். கணக்குக்கு டேஷ்போர்டு காட்டும் எண்ணை நம்ப வேண்டாம், பெரும்பாலும் அது கொஞ்சம் தாராளமாகவே காட்டும். டேங்க்கை நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்பிப் பார்க்கும் பழைய முறையே சரியானது.

வைத்துப் பராமரிப்பது

எல்லோரும் பயப்படுவது பேட்டரிக்கு. ஸ்ட்ராங் ஹைப்ரிட்டில் அதை முழுதாக நிரப்புவதும் இல்லை, முழுதாக வடிப்பதும் இல்லை. பிரியஸில் ஏறக்குறைய 40 முதல் 80 சதவீதத்துக்குள்ளேயே கணினி வைத்திருக்கும். நீண்ட ஆயுளின் ரகசியம் அங்கேதான். கார்களைச் சோதித்து எழுதும் அமெரிக்க நுகர்வோர் இதழான கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் 2011-ல், 2 லட்சம் மைலுக்கு மேல் ஓடிய 2002 பிரியஸ் ஒன்றைச் சோதித்தது. பத்தாண்டுகளுக்கு முன் அதே மாதிரிக் காரைப் புதிதாகச் சோதித்தபோது காலனுக்கு 40.6 மைல் கிடைத்திருந்தது. ஓடித் தேய்ந்த காரில் கிடைத்தது 40.4.

ஆனால் பேட்டரிக்கு வெப்பம் எதிரி. காற்றால் குளிரும் பேட்டரிகளுக்குக் காற்று போகும் துளை பெரும்பாலும் பின் இருக்கையின் ஓரத்தில் இருக்கும். அங்கே பையையோ துணியையோ வைத்து அடைப்பதும், வடிகட்டியில் தூசியும் வளர்ப்புப் பிராணியின் முடியும் சேரவிடுவதும் பேட்டரியின் ஆயுளைக் குறைக்கும். சுத்தம் செய்யச் சில நிமிடங்கள் போதும், ஆனாலும் சர்வீஸில் அதிகம் விடுபடுவது இதுதான்.

ஏசி வேலையில் இன்னும் கவனம் தேவை. மின் கம்ப்ரெஸருக்கு மின்சாரம் கடத்தாத தனி எண்ணெய் உண்டு. சாதாரண காருக்கு ஊற்றும் எண்ணெய் கலந்துவிட்டால் உள்ளே இன்சுலேஷன் கெட்டு மின்கசிவு வரும், விலையுயர்ந்த கம்ப்ரெஸர் போய்விடும். ஹைப்ரிட் தெரிந்த மெக்கானிக்கிடம் மட்டுமே ஏசியைத் தொடவிடுங்கள். ஆரஞ்சு நிற ஒயர்களுக்கும் இதே விதி, அவற்றில் ஓடுவது உயர் மின்னழுத்தம்.

காரை வாரக்கணக்கில் நிறுத்திவைத்தால் முதலில் சாவது சின்ன 12 வோல்ட் பேட்டரி. பிரேக் பேடுகள் பல ஆண்டுகள் வரும் என்றாலும், உராய்வு குறைவு என்பதால் ஈரமான ஊர்களில் டிஸ்க்கில் துரு ஏறும். அவ்வப்போது ஒருமுறை அழுத்திப் பிரேக் பிடிப்பது நல்லது. பழுதானால், முன்சக்கரம் தரையில் உருளும்படி கட்டி இழுக்கவிடாதீர்கள். சக்கரத்தோடு மோட்டாரும் சுழன்று மின்சாரம் உண்டாகும்.

பழைய ஹைப்ரிட் வாங்குவதானால், பேட்டரித் தொகுதிகளின் மின்னழுத்தத்தை ஸ்கேனரில் தனித்தனியாகக் காட்டச் சொல்லுங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றிலிருந்து விலகி நின்றால் பேட்டரி பழுதாகத் தொடங்கிவிட்டது. "பேட்டரி சரிசெய்தாகிவிட்டது" என்று விற்பவர் சொன்னால், முழுத் தொகுப்பும் மாற்றப்பட்டதா, கெட்டது மட்டும் எடுக்கப்பட்டதா என்று கேளுங்கள். பழையவற்றின் நடுவே ஒன்றை மட்டும் மாற்றினால், சில மாதங்களில் அடுத்தது விழும். விற்பவரிடம் அந்த வேலைக்கான பில் இல்லையென்றால், புதுப் பேட்டரியின் விலையைக் கழித்துக்கொண்டே பேரம் பேசுங்கள்.