மனித சி5ஏ: ஈ.கோலையில் செய்ததா, சீரத்திலிருந்து பிரித்ததா?

சி5ஏ என்பது நோயெதிர்ப்பின்போது இரத்தத்தில் உருவாகி வெள்ளணுக்களை ஈர்க்கும் சிறு புரதம். நியூட்ரோபில் (ஒரு வகை வெள்ளணு) நகர்வு, செல்லுக்குள் கால்சியம் எழுச்சி, சிடி11பி (செல் பரப்புப் புரதம்) உயர்வு ஆகிய சோதனைகளுக்கு நான் மறுசேர்க்கை சி5ஏவின், அதாவது ஈ.கோலை பாக்டீரியாவில் செய்ததன் பக்கம். தூய்மையில் இரண்டுமே குறைசொல்லும்படி இருக்காது.

முதலில் எடைக் கணக்கு. இரண்டிலும் அதே 74 அமினோ அமிலங்கள்தான். ஆனால் இயற்கைப் புரதத்தின் 64ஆம் இடத்து அஸ்பராஜினில் சர்க்கரைச் சங்கிலி உண்டு, ஈ.கோலை அதை ஒட்டாது. அதனால் மறுசேர்க்கை வடிவம் சுமார் 8.3 கிலோடால்டன், இயற்கை வடிவம் சுமார் 11. பத்து நானோமோலாருக்கு முன்னதில் மி.லி.க்கு 83 நானோகிராம் போதும், பின்னதில் 110 வேண்டும். பழைய செய்முறையை நானோகிராமில் அப்படியே எடுத்தால் அளவு பிசகும்.

தேர்வைத் தீர்மானிப்பது கடைசி அர்ஜினின். சீரத்தில் உள்ள கார்பாக்ஸிபெப்டிடேஸ் என் என்ற நொதி அதைச் சட்டென்று வெட்டிவிடும். பிரித்தெடுக்கும்போது தடுப்பான் போதாவிட்டால் குப்பியில் முழு சி5ஏவும் அர்ஜினின் இழந்ததும் கலந்திருக்கும். வித்தியாசம் 156 டால்டன்தான். ஜெல்லில் தெரியாது, மூலக்கூறு எடையைத் துல்லியமாக அளக்கும் மாஸ் ஸ்பெக்கில்தான் தெரியும். அர்ஜினின் இழந்தது நியூட்ரோபிலில் பல மடங்கு வலுக் குறைந்தது. தொகுதிக்குத் தொகுதி அளவு-விளைவு வளைகோடு வலப்பக்கம் நகர்ந்தால் (அதே விளைவுக்குக் கூடுதல் அளவு தேவைப்பட்டால்) முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். மறுசேர்க்கையில் இந்தக் கலப்படம் இல்லை. ஆனால் அதையே சீரம் கலந்த ஊடகத்தில் கரைத்தால் அதே நொதி அங்கேயும் வெட்டும். 0.1 விழுக்காடு பிஎஸ்ஏ (மாட்டு ஆல்புமின்) சேர்த்த ஹெச்பிஎஸ்எஸ் (உப்புக் கரைசல்) போதும்.

ஈ.கோலையின் குறை எண்டோடாக்சின், அதாவது அந்தப் பாக்டீரியாவின் சுவரிலிருந்து வரும் எல்பிஎஸ் என்ற நச்சு. மைக்ரோகிராமுக்கு 1 எண்டோடாக்சின் அலகு உள்ள குப்பியை மி.லி.க்கு 100 நானோகிராமாகப் போட்டால் 0.1 அலகு, அதாவது ஏறத்தாழ 10 பிகோகிராம் எல்பிஎஸ் சேரும். நிமிடங்களில் முடியும் கால்சியம் சோதனைக்கு இது பொருட்டல்ல. மோனோசைட்டை (மற்றொரு வகை வெள்ளணு) இரவு முழுக்க வைத்து அது சுரக்கும் சைட்டோகைன் என்ற சமிக்ஞைப் புரதங்களை அளந்தால் வம்பு; 0.1 அலகோ அதற்கும் கீழோ உள்ளதையே வாங்குங்கள். சி5ஏ ஏற்பியைத் தடுக்கும் பிஎம்எக்ஸ்53 சேர்த்தும் சமிக்ஞை இறங்கவில்லை என்றால் எல்பிஎஸ்ஸைத்தான் அளந்துகொண்டிருக்கிறீர்கள். (பிஎஸ்ஏவும் எண்டோடாக்சின் கொண்டுவரும்; அதன் சான்றிதழையும் பாருங்கள்.)

குப்பியை மையவிலக்கியில் சுழற்றி, பொடி அடியில் இறங்கியபின் திறக்கவும். மி.லி.க்கு 100 மைக்ரோகிராமாகக் கரைத்து, புரதம் ஒட்டாத குழாய்களில் சிறு பங்குகளாக மைனஸ் 80 டிகிரி செல்சியஸில் வைக்கவும். உருக்கியதை மீண்டும் உறைய வைக்க வேண்டாம்.

நியூட்ரோபிலுக்கு இதை உறுதியாகச் சொல்வேன். சர்க்கரையே கேள்வியாக இருக்கும் ஆய்வுக்கு இயற்கை வடிவம்தான் சரி. அதற்கும் மாஸ் ஸ்பெக் அறிக்கை கேட்டு வாங்கவும்.