கொக்கின் வெள்ளைக்கு எது நல்லது: வெறும் கடதாசியா, மாஸ்கிங் திரவமா, கோவாஷா?

தலங்கம குளத்தடியிலோ பெத்தகான ஈரநிலப் பூங்காவிலோ இருந்து சின்னக் கொக்கை நீர்வர்ணத்தில் வரைய வெளிக்கிட்டால் முதல் தலையிடி வெள்ளைதான். கடதாசியை அப்படியே விடலாம், மாஸ்கிங் திரவம் பூசி மறைக்கலாம், இல்லாவிட்டால் கடைசியில் வெள்ளைக் கோவாஷ், அதாவது அடியிலுள்ளதை மூடும் தடித்த நீர்வர்ணம், வைக்கலாம். ஈரநிலங்களுக்கான சர்வதேச உடன்படிக்கையான ராம்சரின் கீழ் 2018இல் ஈரநில நகரமாக அங்கீகாரம் பெற்ற கொழும்பு இது, காற்றும் ஈரம்தான், அதனால் என் வோட்டு கடதாசிக்கு.

மாஸ்கிங் திரவம் பெரும்பாலும் இரப்பர் பாலும் அமோனியாவும்தான், களுத்துறைப் பக்கம் இரப்பர் தோட்டம் பார்த்தவர்களுக்கு மணத்திலேயே பிடிபடும். கொக்கின் மேல் பூசிவிட்டுப் பின்னால் புல், தண்ணீர் எல்லாவற்றையும் பயமில்லாமல் ஒரே இழுவையில் போடலாம், அது பெரிய சுகம். ஆனால் உரித்த பிறகு விளிம்பு கத்தரிக்கோலால் வெட்டி ஒட்டினதுபோல நிற்கும். கடதாசி உள்ளே இன்னும் ஈரமாக இருக்கும்போது உரித்தால் மேல்தோலும் கூடவே வரும், மழைக்காலத்தில் இங்கே அது காய எவ்வளவு நேரம் எடுக்கும் என்று சொல்லவே தேவையில்லை. மலிவான கடதாசி என்றால் இன்னும் மோசம். பூசத்தான் வேண்டுமென்றால் பழைய தூரிகையைச் சவர்க்காரத்தில் தோய்த்துவிட்டுத் தொடுங்கள்.

கோவாஷில் அவசரமில்லை, கடைசியிலும் வைக்கலாம். 1834இல் வின்சர் அன்ட் நியூட்டன் என்ற வர்ணக் கம்பனி கொண்டுவந்த சைனீஸ் வெள்ளை துத்தநாகம், கொஞ்சம் ஊடுருவித் தெரியும். மூடவேண்டுமென்றால் டைட்டேனியம் வெள்ளை வாங்குங்கள். சிக்கல் என்னவென்றால் அடியில் இருக்கும் பச்சை வர்ணம் ஈரம் பட்டதும் கரைந்து மேலே ஏறும், கொக்கு அழுக்காகிவிடும். ஒரே தொடுகை, திரும்பத் தேய்க்கக் கூடாது.

இனிக் கடதாசி. காலை வெய்யில் கொக்குக்குப் பின்னாலிருந்து விழும்போது உற்றுப் பாருங்கள், உண்மையில் வெள்ளையாக இருப்பது முதுகோரத்தில் ஒரு மெல்லிய கோடும் கழுத்து வளைவும் மட்டும்தான். மிச்ச உடம்பு நீலச் சாம்பல், வயிற்றடியில் தண்ணீரிலிருந்து ஏறும் மங்கல் பச்சை. அப்படியென்றால் விடவேண்டிய இடம் மிகக் கொஞ்சம், அதற்கு ஏன் இரப்பர்? கோபால்ட் நீலத்தில் துளி பர்ன்ட் சியென்னா (செம்பழுப்பு) கலந்து உடம்பைப் போட்டு, நிழல் பக்க விளிம்பை ஈரத்தோடு ஈரமாகப் பின்னணிக்குள் கரையவிட்டால் கொக்கு காற்றுக்குள் நிற்கும். சதுர மீற்றருக்கு 300 கிராம் பருத்திக் கடதாசி விலைதான், இருந்தாலும் இந்த வேலைக்கு அதைத் தாங்குவது வேறில்லை.

அதற்காக மற்ற இரண்டையும் தூக்கி எறியச் சொல்லவில்லை. கண்ணின் மினுக்கம், இனப்பெருக்கக் காலத்தில் முதுகில் தொங்கும் நூல் இறகு, இதெல்லாம் கோவாஷ் இல்லாமல் ஏலாது. தூரத்துத் தாமரை இலைகளுக்கு நடுவே பத்துப் பதினைந்து பறவை புள்ளி புள்ளியாக நின்றால் மாஸ்கிங்தான் சரி, அங்கே விளிம்பை யாரும் தேடப்போவதில்லை.