பில்டர் மாற்றிய கமரா என்று நம்பி 168,000 ரூபாவை இழந்தேன்: விண்முகில் படம் எடுப்போர் கவனத்திற்கு

நேற்று மாலை கண்டியிலிருந்து திரும்பினேன். கோபம் இன்னும் அடங்கவில்லை, ஆனாலும் ஆறப்போட்டால் எழுதாமலே விட்டுவிடுவேன் என்பதால் இன்றே எழுதுகிறேன். விண்முகில்களை (நட்சத்திரங்களுக்கு இடையே பரந்து கிடக்கும் வாயு, தூசு மேகங்களை) அகன்ற கோணத்தில் படமெடுக்கும் ஆசையில் பழைய கமரா வாங்க நினைக்கும் எவரும், குறிப்பாக மலையகத்திலிருந்து கொழும்புக்குப் போய் வாங்க நினைக்கும் இளைஞர்கள், இதைக் கடைசிவரை வாசிக்க வேண்டும். நான் இழந்த தொகை 168,000 ரூபா. அது எப்படிப் போனது என்பதையும், வாங்கும் முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்பதையும் சொல்கிறேன்.

தலவாக்கலைக்கு அருகே ஒரு தோட்டப் பாடசாலையில் நான் விஞ்ஞானம் கற்பிக்கிறேன். ஜனவரி முதல் மார்ச் வரை எங்கள் பக்கத்தில் மழை குறையும். மூடுபனி விலகும் இரவுகளில் தேயிலை மலையின் உச்சிக்கு ஏறி, சாதாரண கமராவையும், வானம் நகரும் வேகத்திலேயே அதைத் திருப்பும் ஸ்டார் ட்ரெக்கர் என்ற கருவியையும் வைத்து மூன்று வருடங்களாகப் படமெடுத்து வருகிறேன். ட்ரெக்கரின் அச்சைக் குறிவைக்க வேண்டிய துருவ நட்சத்திரம் எங்கள் ஊரில் அடிவானத்திலிருந்து ஏழு பாகை உயரத்தில்தான் நிற்கும், அதையும் எதிர்மலை மறைத்துவிடும். ஆகையால் திசைகாட்டியையும் சாய்வுமானியையும் கொண்டே ட்ரெக்கரின் அச்சைத் திருப்பிப் பழகியிருந்தேன். இவ்வளவு பாடுபட்டும் என் படங்களில் சிவப்பு விண்முகில்கள் வெளிறியே வந்தன.

காரணம் எனக்குத் தெரிந்ததுதான். இவ்விண்முகில்களில் உள்ள ஐதரசன் 656.3 நனோமீற்றர் அலைநீளத்தில் ஆழ்ந்த சிவப்பாக ஒளிர்கிறது. கமராவின் உணரிக்கு முன்னால் இருக்கும் பில்டரோ, நம் கண் காண்பதுபோல நிறங்கள் வரவேண்டும் என்பதற்காகச் செங்கீழ்க் கதிர்களோடு சேர்த்து அந்தச் சிவப்பிலும் பெரும்பகுதியை வெட்டிவிட்டு, ஏறத்தாழக் கால்வாசியை மட்டுமே உள்ளே விடுகிறது. அந்தப் பில்டரை எடுத்துவிட்டு வேறொன்றைப் பொருத்திய கமராவில் ரோசெட் விண்முகிலும், ஒரியன் நட்சத்திரக் கூட்டத்தைச் சுற்றி வளைந்து கிடக்கும் பார்னாட்டின் வளையமும் எழுந்து வரும். அப்படி மாற்றிய கமரா நம் நாட்டில் விற்பனைக்கு வருவது மிக அரிது.

பழைய கமராக்களை வாங்கி விற்கும் கொழும்புக் கடையொன்று, வானத்தைப் படமெடுப்பதற்கென்று பில்டர் மாற்றிய கெனன் 6டி தன்னிடம் இருப்பதாகச் சமூக ஊடகத்தில் விளம்பரம் செய்திருந்தது. விலை 168,000 ரூபா. இரண்டு வருடம் கட்டிய சீட்டுப் பணத்தை எடுத்துக்கொண்டு அடுத்த சனிக்கிழமையே பஸ் ஏறினேன்.

கடைக்காரர் தமிழர், ஐம்பது வயதிருக்கும். நான் எந்த ஊர் என்று கேட்டவர், தன் தாய்வழியினரும் அட்டன் பக்கம்தான் என்றார். பால் தேநீர் வரவழைத்துத் தந்தார். கைத்தொலைபேசியில் ஒரு ரோசெட் படத்தைக் காட்டி, இதே கமராவில் எடுத்தது என்றார். பிறகு கமராவை என் கையிலேயே கொடுத்து, கடையின் வெள்ளைச் சுவரையும் அவருடைய முகத்தையும் எடுத்துப் பார்க்கச் சொன்னார். சுவர் ரோசா நிறத்திலும் முகம் செங்கல் நிறத்திலும் வந்தன. “பார்த்தீங்களா தம்பி, பில்டர் மாத்தினாத்தான் இப்படிச் சிவப்பா வரும்” என்றார். மாற்றிய கமரா சிவப்பாகத்தான் காட்டும் என்று நான் பல இடங்களில் வாசித்திருந்தேன். நான் வாசித்ததும் அவர் சொன்னதும் திரையில் கண்டதும் ஒன்றாக இருந்தன. அந்த நிமிடத்தில் எனக்கு ஒரு சந்தேகமும் எழவில்லை. “நான் எங்கயும் ஓடிப்போக மாட்டேன், ஏதாவது எண்டா வாங்க” என்றார். “சரி அண்ணே” என்று சொல்லி 168,000 ரூபாவையும் மேசையில் எண்ணி வைத்தேன்.

பெப்ரவரியில், அமாவாசையை ஒட்டி வானம் தெளிந்த முதல் இரவில், 135 மில்லிமீற்றர் வில்லையைப் பொருத்தி ஒரியனின் இடைக்கச்சைப் பகுதியை ஒரு நிமிடப் படங்களாகத் தொண்ணூறு எடுத்தேன். வழக்கம்போல, எது வெள்ளை என்று கமராவுக்குச் சொல்லும் வெண்மைச் சமநிலையைப் பகல் ஒளிக்கு மாற்றிவிட்டுத்தான் தொடங்கினேன். ஒரியன் பெருவிண்முகில் அழகாகவே வந்தது. அது சாதாரண கமராவிலும் அழகாக வரும் என்பதை அந்த மகிழ்ச்சியில் மறந்துவிட்டேன். குதிரைத்தலை என்ற கரிய விண்முகிலின் பின்னால் செந்திரைபோல் விரிந்திருக்க வேண்டிய பகுதியோ, துவைத்த துணியில் மிஞ்சிய கறைபோல் கிடந்தது. 1888 இல் ஹாவாட் வானாய்வகத்தின் கண்ணாடித் தகடொன்றில் வில்லியமினா பிளெமிங் அந்தக் குதிரைத்தலையைக் கண்டறிந்த கதையைப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லி, நம் ஊர் மலையிலிருந்தே அதைச் சிவப்பாக எடுத்துக் காட்டுகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன்.

அடுத்த இரவு 50 மில்லிமீற்றர் வில்லையால், திருவாதிரை நட்சத்திரமும் சேர்ந்து வரும்படி ஒரியன் முழுவதையும் எடுத்தேன். பக்கத்திலேயே என் பழைய கமராவையும் நிறுத்தி அதே வானத்தை எடுத்தேன். பார்னாட்டின் வளையம் இரண்டிலும் ஒரே அளவில், ஊன்றிப் பார்த்தால் மட்டுமே தெரியும் சாயலாக வந்திருந்தது.

அப்போதுதான் கடையில் எடுத்த அந்தச் சுவர்ப் படத்தைத் தேடினேன். நல்லவேளையாக அது கமராவின் நினைவக அட்டையில் அழியாமல் இருந்தது. அதன் விவரத்தில் இரண்டு முக்கோணங்களுக்கு நடுவே ஒரு சிறு சதுரம் தெரிந்தது. வெண்மைச் சமநிலையை நாமாகப் பதிவு செய்துகொள்ளும் முறைக்கான குறி அது. நீலப்பச்சை அட்டையொன்றைக் காட்டி இதுதான் வெள்ளை என்று கமராவுக்குச் சொல்லிவைத்தால், அதன்பின் எடுப்பதெல்லாம் சிவப்பாக வரும். நானே வீட்டில் செய்து பார்த்தேன். அதே ரோசாச் சுவர், அதே செங்கல் முகம்.

தொலைபேசியில் அழைத்தேன். முதல்நாள், “உங்களுக்கு எடுக்கத் தெரியல்ல தம்பி” என்றார். இரண்டாம் முறை, மலைக்குளிரில் கமரா அப்படித்தான் காட்டும் என்றார். மூன்றாம் முறை வேறொருவர் எடுத்து, முதலாளி வெளியே போயிருக்கிறார் என்று சிங்களத்தில் சொல்லி வைத்துவிட்டார். வட்ஸ்அப்பில் அனுப்பிய படங்களுக்கு நீலக்குறி விழுந்தது, பதில் இல்லை. 168,000 ரூபா வாங்கியவருக்கு ஒரு வரி எழுத நேரமில்லை.

ஆகவே கண்டியில் கமரா திருத்தும் ஒருவரிடம் கொண்டுபோனேன். என் கண்முன்னே திருகாணிகளைக் கழற்றி, உணரியை வெளியே எடுத்து, மேசை விளக்குக்கு நேரே சாய்த்துப் பிடித்தார். அதன் மேலிருந்த கண்ணாடி வெளிர் நீலப்பச்சையாக மின்னியது. சிவப்பை வெட்டும் அதே பில்டர். ஓரத்தில் தொழிற்சாலை ஒட்டிய பட்டிகூடக் கிழியவில்லை. “இது ஒருத்தரும் தொடாத கமரா, சேர்” என்றார்.

அவர் கடையிலிருந்தே மறுபடியும் அழைத்தேன்; இம்முறை முதலாளியே எடுத்தார். அவர் சொன்னதை என்னால் மறக்க முடியாது: “நீங்க காட்டின ஆள்தான் பழைய பில்டரைத் திருப்பிப் போட்டிருப்பான்.” ஒரு முழுக் காலையையும் எனக்காகச் செலவிட்ட மனிதர்மீது பழி. வேண்டுமானால் 70,000 ரூபாவுக்குத் திருப்பி எடுக்கிறேன் என்றும் சொன்னார். பற்றுச்சீட்டைப் பாருங்கள் என்றார். பார்த்தேன். “பழைய கமரா 1” என்று மட்டும் எழுதியிருக்கிறது. பில்டர் என்ற சொல்லே அதில் இல்லை.

என் அம்மா கொழுந்து பறித்த கடைசி வருடத்தில் நாட்சம்பளம் 1,000 ரூபா. 168,000 ரூபா என்றால் அவருடைய 168 நாள் உழைப்பு. அட்டன் என்ற ஊர்ப்பெயரைச் சொல்லி அதைப் பறித்தவரை நான் எப்படி மன்னிப்பது?

இனி நீங்கள் பார்க்க வேண்டியவை. கடையில் சிவப்பாகக் காட்டினால் உடனே நம்பாதீர்கள். வெண்மைச் சமநிலையை நீங்களே பகல் ஒளிக்கு மாற்றி, வெயிலில் எடுத்துப் பாருங்கள், அப்போதும் சிவந்து வந்தால் மட்டும் பேச்சைத் தொடருங்கள். விண்முகில் படத்தைக் காட்டினால் அதன் ‘ரோ’ கோப்பை, அதாவது கமரா பதிந்த மூலக் கோப்பை, கேளுங்கள். கமராவின் தொடரிலக்கம் அதில் பதிந்திருக்கும். பில்டர் மாற்றப்பட்டது என்று பற்றுச்சீட்டில் எழுதி ஒப்பமிடாமல் ஒரு ரூபாவும் கொடுக்காதீர்கள். வேறும் சில உண்டு, அவற்றை எழுத இப்போது நேரமில்லை. நுகர்வோர் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு நாளை காலை அழைக்கப்போகிறேன். அதற்குள் பற்றுச்சீட்டின் பிரதியையும், சுவர்ப் படத்தையும், கண்டியில் எழுதி வாங்கிய குறிப்பையும் சேர்த்து முறைப்பாட்டுக் கடிதத்தை முடித்தாக வேண்டும்.