பீடிங் இடுக்கில் புகும் மழை: சிலிக்கானா, பி.யூ.வா, பியூட்டைலா?

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் எங்கள் கொட்டகையின் கூரையைத் தூக்கிப் போனது. மன்னார்குடியில் அன்று தப்பிய கூரைகளே குறைவு. உள்ளே நின்ற அப்பாவின் 1978 பத்மினி கார் அதன்பின் பல நாள் திறந்தவெளியில் நனைந்தது. மழை விட்டதும் கதவோரம் கிளிப்புகளில் மாட்டி ஓடும் பளபளப்பான உலோகப் பட்டையை, அதாவது பீடிங்கைக் கழற்றிப் பார்த்தேன். ஒவ்வொரு கிளிப் துளையைச் சுற்றியும் எட்டணாக் காசு அகலத்துக்குத் துரு படிந்திருந்தது. அது ஒரு புயலில் பிடித்த துரு அல்ல. நாற்பது ஐப்பசிகளின் கணக்கு.

பழைய கார்களில் பீடிங், எழுத்துச் சின்னம், நம்பர் பிளேட் விளக்கு ஆகியவற்றை மாட்டத் தகரத்தில் துளையிட்டிருப்பார்கள். துளையின் விளிம்பில் பெயின்ட் நிலைத்து நிற்பதில்லை. வண்டி ஓடும்போது பட்டை அதிர்ந்து, மிச்சம் இருப்பதையும் தேய்த்துவிடும். பின்னால் தேங்கும் புழுதி ஈரத்தை நாள்கணக்கில் பிடித்து வைக்கும். பீடிங் எவர்சில்வராக இருந்தால் இன்னொரு சங்கடம்: இரண்டு உலோகங்களுக்கு நடுவே உப்பு ஈரம் சேர்ந்தால் அது ஒரு சிறு பாட்டரிதான். அதில் கரைவது எவர்சில்வர் அல்ல, அடியிலுள்ள இரும்புத் தகரம். அலுமினியப் பட்டை என்றால் நேர்மாறு. பட்டைதான் வெள்ளைப் பொடியாக உதிரும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் கார் வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அடைக்க என்ன பூசுவது? முதலில் நான் ஏமாந்த கதை. புயலுக்குப் பிறகு ஒரு டிங்கரிங் பட்டறையில் வண்டியை விட்டேன். குளியலறைத் தொட்டிக்குப் பூசுகிற சிலிக்கானையே துளைகளில் பிதுக்கி பீடிங்கை ஒட்டித் தந்தார்கள். வண்டியை எடுக்கப் போனபோது காடி வாசனை மூக்கைத் துளைத்தது. புதுப் பொருளின் வாசனை என்று நினைத்துக்கொண்டேன். அது அசெட்டிக் அமிலம். இந்த வகை சிலிக்கான் இறுகும்போது அதைத்தான் வெளிவிடுகிறது. பெயின்ட் இல்லாத இரும்பில் பட்டால் அரிப்பு அங்கேயே ஆரம்பம். இரண்டு மழைக்காலம் கழித்து நகத்தால் கிள்ளினேன். பாம்புச் சட்டை போல முழுசாக உரிந்து வந்தது, அடியில் செம்பொடியோடு.

காடி வாசனை இல்லாத, நடுநிலையாக இறுகும் சிலிக்கானும் உண்டு. அது இரும்பை அரிக்காது. ஆனாலும் பீடிங்குக்கு நான் வாங்கமாட்டேன். சிலிக்கான் பட்ட இடத்தில் பின்னால் பெயின்ட் அடித்தால் ஒட்டாமல் குழிகுழியாக விலகிக்கொள்ளும். துடைத்தாலும் லேசில் போகாது. பெயின்டரிடம் திட்டு வாங்க ஆசைப்பட்டால் பூசலாம்.

பி.யூ. என்று கடையில் கேட்டால் கிடைக்கும் பாலியூரித்தேன் சீலண்ட் வேறு ரகம். காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி இறுகுவது. நம் ஊரில் அந்த ஈரத்துக்குப் பஞ்சமே இல்லை. (திறந்த குழாயை மிச்சம் வைத்தால் அடுத்த முறை எடுக்கும்போது உள்ளே கல்லாகியிருக்கும்.) மேலே பெயின்ட் அடிக்கலாம். வெயிலில் கிடந்தால் வெளுத்து வெடிக்கும் என்பதால் அடித்தே ஆக வேண்டும். டிக்கித் தரையின் இணைப்பு, கூரை ஓரத் தூம்பின் மடிப்பு என்று ஒருபோதும் பிரிக்கப்போகாத இடங்களுக்கு இதைவிட நல்லதை நான் பார்த்ததில்லை. பீடிங்குக்கு மட்டும் வேண்டாம். பிடி அவ்வளவு முரட்டுத்தனமானது. அடுத்த முறை நெம்பி எடுக்கும்போது பட்டை வளைந்துவிடும். பத்மினிக்குப் பீடிங் தேடிப் பழைய இரும்புக் கடைகளில் அலைந்தவர்களுக்கு அதன் விலை தெரியும்.

எனவே என் கை போவது பியூட்டைல் டேப்புக்கு. கறுப்பாக, பிசுபிசுவென்று, சூயிங்கம் போல இருக்கும். இது இறுகுவதே இல்லை என்பதுதான் இதன் குணமும் குறையும். தைமாசத்து வெயிலில், ஈரம் வற்றிய பிறகு வேலையைத் தொடங்குவேன். துருவைச் சுரண்டி, எப்பாக்ஸி பிரைமரும் பெயின்டும் துளை விளிம்பு மூடும்படி தூரிகையால் தொட்டு வைத்து, நன்றாகக் காயவிடுவேன். பிறகு கொண்டைக்கடலை அளவு பியூட்டைலை உருட்டி, கிளிப்பின் கழுத்தைச் சுற்றி மோதிரம் போல வைத்து, கிளிப்பைத் துளைக்குள் அழுத்துவேன். நாலாபக்கமும் கறுப்பு சமமாகப் பிதுங்கினால் துளை அடைபட்டது என்று அர்த்தம். ஒரு பக்கம் மட்டும் பிதுங்கினால் கழற்றித் திரும்பவும் வைக்க வேண்டும். பிதுங்கியதைத் துணியில் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்துவிடலாம். சித்திரை வெயிலில் கொஞ்சம் இளகி எட்டிப் பார்க்கும். அப்போதும் அதே துணிதான்.

அடைப்பது துளையை மட்டுமே; பட்டையின் நீளம் முழுக்க அல்ல. மேல் விளிம்பு, கீழ் விளிம்பு என்று சுற்றிவர அடைத்துவிட்டால் எப்படியோ உள்ளே போன தண்ணீருக்கு வெளியே வர வழி இருக்காது. வாய்க்கால் வெட்டி வடிகாலை மறந்த வயல் என்ன ஆகும் என்று டெல்டாக்காரனுக்குச் சொல்லித் தர வேண்டாம்.

மெழுகுத் தெளிப்பு இவற்றுக்குப் போட்டி அல்ல, துணை. கதவின் உள்பக்கம், கிளிப் முனைகள்மேல் அடித்தால் இடுக்குகளில் ஊர்ந்து போய்ப் படியும். கதவடியிலுள்ள வடிதுளைகளை அது அடைத்துவிடாமல் ஒரு கம்பியால் குத்திவிட வேண்டும். ஆண்டுக்கொரு முறை பார்த்துத் திரும்ப அடிக்க வேண்டிய வேலை. சிலர் வெறும் கிரீஸ் தடவுகிறார்கள். புழுதி ஒட்டிச் சேறாவதைத் தவிர அதில் பெரிய லாபம் நான் காணவில்லை.

அடைத்தது நின்றதா என்று பார்க்க ஒரு வீட்டு வழி வைத்திருக்கிறேன். டிக்கிக்குள் கறுப்புத் துணி விரித்து, மேலே கோலமாவைத் தூவி மூடிவிட்டு, வெளியே ஹோஸ் குழாயால் கால் மணி நேரம் தண்ணீர் அடிப்பது. ஒரு சொட்டு விழுந்தாலும் மாவில் குழி தெரியும். குழிக்கு நேர் மேலே அண்ணாந்து பார்த்தால் துளை கிடைக்கும். போன கார்த்திகையில் நம்பர் பிளேட் விளக்கின் அடியில் மட்டும் இரண்டு குழிகள் இருந்தன. அந்த விளக்கின் ரப்பர் வெடித்திருக்கிறது. மாற்று ரப்பர் கிடைக்கும்வரை அங்கேயும் பியூட்டைலைத்தான் உருட்டி வைத்திருக்கிறேன்.